மூன்று மணித்தியாலம்

“இந்த வளைவுல வண்டி ஓடுறப்ப மண்டைக்குள்ள படம் புடிச்சா, படம் ஆடிப்போகாதுங்களா சார்?”

தெமோதரையில் பதுளை பஸ் ஏறிய தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர் எனக்கு முன் சீட்டில் இருந்து கேட்டார். மடியிலிருந்த சுடுதண்ணிப் போத்தலைக் கை மாற்றிக்கொண்டே இருந்தார். பேப்பரில் வந்ததை அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர் பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து ஆசிரியர்.

“நிப்பாட்டிப்போட்டுத்தான் எடுப்பினம் அம்மா. வெளிநாட்டில அம்புலன்சுக்குள்ளயே ஸ்கேன் மெசின் வச்சுப் பாக்கினமாம்.”

“ஆஸ்பத்திரி போற வரைக்கும் பொறுக்காதா?”

“பாரிசவாதம் வந்தா மூளையில ரத்தம் அடைச்சிருக்கோ, கசிஞ்சிருக்கோ எண்டு பாக்காம மருந்து குடுக்கேலாது. அடைப்பெண்டா மூண்டு மணித்தியாலத்துக்குள்ள குடுக்கவேணும்.”

“மூணு மணித்தியாலமா?”

“ஓம்.”

பஸ் திரும்பியது. அந்த அம்மா பாதி எழுந்து வெளியே பார்த்தார். பதுளைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கண்டக்டரிடம் மறுபடியும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“முந்தாநாள் மலையில வேலைசெய்றப்பவே எங்க வீட்டுக்காரருக்கு வாய் கோணி, கை விழுந்துருச்சு சார். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கொழுந்து லொறியிலதான் படுக்க வச்சோம். சம்பளத்துக்கு எல்லாரோட கொழுந்தையும் நிறுத்து ஏத்துற வரைக்கும் லொறி கெளம்பல.”

“கெதியா எடுக்கச் சொல்லி நீங்கள் கத்தியிருக்கலாமே, அம்மா?”

“நான் வரிசையில நின்னேன்.”

“என்ன வரிசை?”

அவர் போத்தல் மூடியைத் திறந்து மூடினார்.

“என் கூடையும் நிறுக்கணும்ல சார்.”