ஒரே அளவில் இரண்டு வட்டங்கள்

எல்லாருக்கும் இரண்டு டான்சிலும் ஒரே அளவில் இருப்பதில்லை ஐயா. ஒன்று பள்ளத்துக்குள் பதுங்கியிருக்கும், மற்றது எட்டிப் பார்க்கும். வீக்கம் மாதிரி தெரியும். அதற்கெல்லாம் கத்தியைத் தூக்க முடியாது. காத்திருப்பதும் வைத்தியம்தான். என் விரல் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது, பொருட்படுத்தாதீர்கள். சில மாதங்களாக ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

என் தங்கை கணவருக்கு என்னைக் கேலி செய்யாவிட்டால் சாப்பாடு இறங்காது. "மச்சான் படிச்ச படிப்புக்கு இதயம், மூளைன்னு போயிருக்கலாம். கடைசியில ஊரார் வாயைப் பார்த்துட்டு உக்காந்திருக்காரு" என்பார். பதினாறு வருடமாக அதே கேலி. என் பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். வலிக்கும்.

ஒருநாள் அவரே என் முன்னால் வாயைத் திறந்தார். "முழுங்கினா காது வரைக்கும் குத்துது மச்சான்."

இடது டான்சில் வலதைப்போல் இரு மடங்கு. விரலால் தொட்டேன், கெட்டியாக இருந்தது. அதன்மேல் சிறு புண். கழுத்தில் வலிக்காத ஒரு கட்டி. இளைத்துப்போய் பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருந்தார். வேறு யாராவது என்றால் அந்த வாரமே டான்சிலை எடுத்துப் புற்றுநோயா என்று பரிசோதனைக்கு அனுப்பியிருப்பேன்.

கேஸ் ஷீட்டில் நான் இரண்டு வட்டம் வரைவது வழக்கம். வீங்கியதைப் பெரிதாகப் போடுவேன். அன்று இரண்டையும் ஒரே அளவில் போட்டேன். "சாதாரணப் புண்தான் மாப்பிள்ளை" என்று மாத்திரை எழுதினேன். ஏழு மாதத்தில் ஐந்து முறை வந்தார். ஐந்து முறையும் அதே வட்டங்கள். கடைசி முறை அவருக்குக் கேலி பேச வாய் வரவில்லை. அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

தண்ணீரும் இறங்காமல் போனபோது தங்கை அவரை வேறு டாக்டரிடம் கூட்டிப்போனாள். "இத்தனை மாசம் யார் பார்த்தது?" என்று அந்த டாக்டர் கேட்டாராம்.

எல்லாம் முடிந்த பிறகு அவள் என்னிடம் வந்தாள். "அண்ணா, முன்னாடியே தெரிஞ்சிருந்தா பிழைச்சிருப்பாரா?"

"பிழைச்சிருக்க வாய்ப்பு இருந்துச்சும்மா" என்றேன். எனக்கு முதல் நாளே தெரியும்.

கேஸ் ஷீட்டைக் கேட்டாள். இரண்டு நாள் அது என் மேசையில் கிடந்தது. இடது வட்டத்தைப் பெரிதாக்கி, 'ஆபரேஷன் வேண்டாமென்றார்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இன்று இந்த விசாரணையில் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். பேனாவைக்கூட எடுத்தேன். ஆனால் எழுதியதைப் பின்னால் திருத்துவது ஒரு டாக்டருக்கு அழகல்ல ஐயா.