கோணல் பின்னல்

ஜெனிஃபா: இன்னொரு வாட்டி சொல்லுங்க. டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?

ரெனால்ட்: எத்தினி வாட்டிடி கேப்ப! கேன்சர் இல்ல. வெட்டியெடுத்த கட்டிய மைக்ரோஸ்கோப்ல வெச்சுப் பாத்துட்டாங்க...

ஜெனிஃபா: ஸ்தோத்திரம்! அப்போ மூத்திரப்பையில இருந்தது இன்னாதான்?

ரெனால்ட்: கர்ப்பப்பைக்குள்ள லைனிங் மாதிரி ஒரு சதை இருக்குமாம். அதே சதை மூத்திரப்பை சுவத்துல மொளச்சிருக்கு.

ஜெனிஃபா: இன்னாங்க இது... ஷூவுக்கு உள்ள ஒட்டற லைனிங்க வெளிய ஒட்டின மாதிரியா? ஆம்பூர்ல எங்க கம்பெனியில இப்டி பண்ணா சூப்பர்வைசரு ஆளையே தின்னுடுவாரு!

ரெனால்ட்: எடம் மாறியும் புத்தி மாறல அதுக்கு. மாசாமாசம் அதுவும் சேந்து கசிஞ்சிருக்கு. பழைய ரத்தம் உள்ளயே தங்கி, சுத்தியிருந்த தசை தடிச்சு, தழும்பேறி... கட்டியாய்டுச்சாம்.

ஜெனிஃபா: அதான் அந்த நாள்ல மட்டும் உயிர் போச்சா! நீர்க்கடுப்பு, நீர்க்கடுப்புன்னு மாத்திரையா முழுங்க வெச்சாங்களே. பார்லி கஞ்சின்னு நீங்க வேற...

ரெனால்ட்: நல்லதுக்குதான குடுத்தேன்... ஏய், அழுவுறியா?

ஜெனிஃபா: சிரிக்கிறேன். தையல் வலிக்குது, பேசாம இருங்க.

ரெனால்ட்: சரி.

ஜெனிஃபா: கேத்தரின் ஸ்கூலுக்குப் போனாளா? யாரு தல பின்னி விட்டது?

ரெனால்ட்: நான்தான். ரெட்டைப் பின்னல்.

ஜெனிஃபா: ஐயோ! ஒண்ணு காதுகிட்ட, ஒண்ணு கழுத்துகிட்டயா? ‘உங்க வீட்ல சீப்பே இல்லியா’ன்னு ஸ்கூல் சிஸ்டர் கேட்டாங்களாம், தெரியுமா?

ரெனால்ட்: எனக்கு வரல, இன்னா பண்ண?

ஜெனிஃபா: கண்ண மூடினு நாலு வாரு தோல்ல பெல்ட்டு பின்ற ஆளு! ரெண்டு மாசமா கத்துக்குடுக்குறேன், பெத்த பொண்ணு முடி மட்டும் கைக்கு வரலியா?

ரெனால்ட்: கை வலிக்குதுன்னுதான கத்துக்குடுத்த?

ஜெனிஃபா: அந்தப் போர்வைய இழுத்து விடுங்க, குளுருது.

ரெனால்ட்: சொல்லு ஜெனி.

ஜெனிஃபா: கை வலியெல்லாம் இல்லீங்க. எனக்கு ஏதாவது ஆய்ட்டா... புள்ள தலவிரிகோலமா நிக்கக் கூடாதுன்னுதான். நல்லவேள, நீங்க கண்டுக்கல.

ரெனால்ட்: மொத நாளே கண்டுக்கினேன். நான் கத்துக்கினா நீ நிம்மதியா போய்டுவியோன்னுதான்... தெனமும் வேணும்னே கோணலா பின்னினேன்.