கழிவு வாளியிலிருந்து ஒரு பேட்டரி

லேப்டாப் பேட்டரி உப்பிவிட்டால், பேட்டரி உப்பிவிட்டது என்று சொல்லிக்கொண்டு யாரும் கடைக்கு வர மாட்டார்கள். டச்பேட் அழுந்தவில்லை என்பார்கள். மூடி சரியாக மூடவில்லை, குழந்தை மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் என்பார்கள். ஒரு வாத்தியார், மேஜையில் வைத்தால் ஆடுகிறது என்று மேஜையைச் சந்தேகப்பட்டு, அதன் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். நான் வாங்கித் திருப்பிப் பார்ப்பேன். அடிப்பக்கம் வயிறு தள்ளியிருக்கும். அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை.

முழுதாகச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். எழுதுகிறவர் நிதானமாக எழுதட்டும். எனக்கு அவசரம் எதுவும் இல்லை, கடையையும் பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

கடை கீழே, வீடு மேலே. கடையில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, சுவரோரம் மணல் போட்ட இரும்பு வாளி. உப்பியதையும் வயதானதையும் கழற்றி அந்த மணலில்தான் வைப்பேன். குத்த மாட்டேன், அழுத்த மாட்டேன். கழிவு எடுக்கும் வண்டி வரும்போது வாளியோடு தூக்கிக் கொடுத்துவிடுவேன். வாளிக்குள் போனது திரும்ப எந்த மெஷினுக்குள்ளும் போகக் கூடாது. தொழிலில் நான் வைத்திருந்த ஒரே கறார் அதுதான்.

எல்லோரும் அப்படி இல்லை. எங்கள் தெருவின் முனையில் இன்னொரு கடை இருக்கிறது. அவனுக்கு நான் வைத்த பேர் ஸ்டிக்கர்க்காரன். செத்த பேட்டரியின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டிப் புதிது என்று தலையில் கட்டுவான். இதற்காக நடுத்தெருவில் நிறுத்தி அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். வெட்கம் கெட்டவன் என்று வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

மகளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் ஒரு இடத்தில் இருக்க மாட்டாள். வளர்ந்த பிறகு படம் வரைய உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள், ஆனாலும் பேர் நின்றுவிட்டது. கார்ட்டூன் படங்களுக்கு உருவங்கள் வரைவது அவள் வேலை. அவளுக்கு மேலே பெரியவன் ஒருவன் இருக்கிறான். அவன் வெளிநாட்டில். அவனுடைய வேலைக்கான நேர்காணலும் லேப்டாப்பில்தான் நடந்தது. நான்தான் அதற்கு முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து அதைத் துடைத்து, புது ஃபேன் போட்டு, புதுப் பேட்டரி போட்டுக் கொடுத்தேன். ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்தது. அவன் போனான். அவன் அம்மா இறந்தபோது சடங்கை வாலு பிடித்திருந்த போனில்தான் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய்விட்டது.

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் போன வழியை நான்தான் துடைத்துக் கொடுத்தேன் என்பது மட்டும் தெரியும். அந்தத் தப்பை மறுபடி செய்வதில்லை என்று இருந்தேன்.

வாலுவுக்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. நாங்கள் தேடிப் போகவில்லை, அவர்களே அவள் படங்களைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். இரண்டு சுற்று. இரண்டிலும் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் வரைந்து காட்ட வேண்டும். என்னிடம் சொல்லும்போது அவளுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. "நீங்களும் வந்துடுங்கப்பா. தனியா இங்க என்ன பண்ணப் போறீங்க?" என்றாள். பார்க்கலாம் என்றேன். பெரியவன் வீட்டுக்கு ஒரு தடவை போயிருக்கிறேன், சார். அங்கே எது கெட்டாலும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் என்னை என்ன செய்வார்கள் என்று யோசித்தேன்.

அவள் லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். சார்ஜ் நிற்கவில்லை, புதுசு போட்டுக் கொடுங்கள் என்றாள். அவள் மாடலுக்கான புதுப் பேட்டரி அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அப்புறம் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, மணல் வாளியிலிருந்து அதே மாடலில் ஒன்றை எடுத்தேன். ஒரு வாடிக்கையாளர் மாற்றிவிட்டுப் போனது. உப்பியிருக்கவில்லை, வயதாகியிருந்தது. புது ஸ்டிக்கர் ஒட்டினேன். கோணாமல் ஒட்டுவது அவ்வளவு சுலபமில்லை. ஸ்டிக்கர்க்காரனுக்கும் கை நிதானம் இருக்கத்தான் வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அப்போது என் மனதில் இருந்ததை உள்ளபடி சொல்கிறேன். வரைந்துகொண்டிருக்கும்போது நடுவில் அணைந்துவிட வேண்டும். அவர்களுக்கு அலுத்துப்போக வேண்டும். வேறு யாரையாவது பார்த்துக்கொள்வார்கள். இவளுக்கு இரண்டு நாள் அழுகை, அப்புறம் சரியாகிவிடும். இதில் யாருக்கு என்ன கெடுதல்?

நினைத்தபடியே முதல் சுற்றில் நடுவில் அணைந்தது. ஆனால் அவர்கள் நல்லவர்களாக இருந்துவிட்டார்கள். மறுபடி வாய்ப்புக் கொடுத்தார்கள், அதில் தேறியும் விட்டாள். அதற்குப் பிறகு அவள் பயந்துபோய் லேப்டாப்பை எந்நேரமும் சார்ஜிலேயே வைத்திருக்க ஆரம்பித்தாள். சாப்பிடும்போதும் சார்ஜ், தூங்கும்போதும் சார்ஜ். வயதான பேட்டரியை அப்படி வைக்கக் கூடாது என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன். சிலர், போதும் விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிடுகிற அளவுக்குச் சொல்வேன். வாலுவிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் மாலை கொண்டுவந்து காட்டினாள். டச்பேட் ஒரு பக்கம் மேலே தூக்கியிருந்தது.

"அப்பா, இது உப்புது போலருக்கு."

கடை மேஜைக்கு அடியில் விளையாடி வளர்ந்தவள், அவளுக்கும் கண் இருக்கிறது. நான் திருப்பிப் பார்த்தேன். உப்பித்தான் இருந்தது. விரல் வைக்காமலே தெரிந்தது.

"புதுப் பேட்டரி எப்படிம்மா உப்பும்? ஸ்க்ரூ லூசு," என்றேன்.

மூடியை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்து எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கிக் கொடுத்தேன். டச்பேட் உட்கார்ந்துவிட்டது. தாங்க்ஸ்ப்பா என்று வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அதை எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்க நினைத்தது அதுவாகத்தான் இருக்கும்.

கடைசிச் சுற்றுக்கு முந்தின நாள் அவள் என்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். தெருமுனையில் ஸ்டிக்கர்க்காரன் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறாள். என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தாளாம். அவன் திறந்து பார்த்தவன் உடனே மூடிவிட்டான். என்ன சொன்னான் என்று அவளே வந்து என்னிடம் சொன்னாள், அதுவும் குற்றவாளி மாதிரி நின்றுகொண்டு.

"பழசு மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்காம். 'இந்த வேலை எனக்குத் தெரியாதாம்மா? ஆனா இதை நான் ஒட்டலை'ன்னு சொல்றான். இன்னைக்கே கழட்டிடுன்னான்." அப்புறம் அவளே, "அவன் சொன்னான்னு நான் நம்பலப்பா. உங்களை விடவா அவனுக்குத் தெரியும்? உங்ககிட்ட கேக்காம போனது தப்புதான்," என்றாள்.

புதுப் பேட்டரி அப்போதும் அலமாரியில்தான் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் எட்டும்.

நான் யோசித்தது இதுதான். உப்பியது சார்ஜில் இருந்தாலும் நடுவில் அணையலாம். இப்போது மாற்றினால் நாளைக் காலை அணையாது. அணையாவிட்டால் தேறிவிடுவாள். தேறினால் போய்விடுவாள். எந்தப் பக்கம் போனாலும் அங்கேயே வந்து நின்றது.

"புதுசு மாட்டினா ஒரு தடவை சார்ஜை முழுசா ஏத்தி இறக்கணும்மா. காலைல டெஸ்ட்டை வெச்சுக்கிட்டு இப்ப எதுக்கு? முடியட்டும், நானே பாத்துத் தரேன்," என்றேன்.

சரிப்பா என்றாள். என் தோளில் கொஞ்ச நேரம் சாய்ந்துகொண்டாள். பயமாக இருக்கிறது என்றாள். டெஸ்ட்டைச் சொன்னாள்.

மறுநாள் அவள் தன் அறையில் வரைந்துகொண்டிருந்தாள். நான் சமையலறையில் கீரை நறுக்கிக்கொண்டிருந்தேன். அடுப்பில் உலை கொதித்தது. அவள் அறையிலிருந்து சீறுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை என் தொழிலில் இருக்கிறவன் வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டான். நான் முதலில் அடுப்பை அணைத்தேன். வீட்டில் இரண்டு இடத்தில் நெருப்பு இருக்கக் கூடாது என்று தோன்றியது. கத்தியைக் கழுவி வைத்தேனா என்று நீங்கள் குத்தலாகக் கேட்டீர்கள். கழுவவில்லை. வைத்தேன்.

அறையில் லேப்டாப் திரைக்குள் இருந்த கம்பெனிக்காரர்கள் கத்துவது கேட்டது. அந்த மொழி எனக்கு அரைகுறை. கீழே போடு, வெளியே ஓடு என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். புகை வந்தால் மெஷினைத் தொடாதே, விட்டுவிட்டு வெளியே போ என்று நானும் கடையில் எல்லோருக்கும் சொல்வதுதான். அவளுக்கு அதை முன்பின் தெரியாதவர்கள் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் கேட்கவில்லை. அவள் வரைந்த எல்லாமே அதற்குள்தான் இருந்தது. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசல் பக்கம் போகவில்லை, சமையலறைக்கு வந்தாள். அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே வந்து என்னிடம் நீட்டினாள். எது கெட்டாலும் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

நான் கையை நீட்டவில்லை. தொடக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

அவளுக்கு வெந்துபோன வலது கையில் இனிப் பிடிப்பு வராது என்று டாக்டர் சொன்னார். இடது கையில் மெதுவாக வரலாம். அந்தக் கம்பெனிக்காரர்கள் மருத்துவமனைக்குப் பூ அனுப்பினார்கள். காத்திருப்பதாகவும் எழுதினார்கள். எதற்காகக் காத்திருப்பது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது. கொஞ்ச நாளில் கடிதம் வருவது நின்றது. பெரியவன் போன் செய்து அழுதான். நல்லா பாத்துக்கங்கப்பா என்றான். பார்த்துக்கொள்ளாமல் என்ன?

வீட்டுக்குக் கூட்டி வந்தபின் நான்தான் ஊட்டினேன். தலை வாரினேன். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். கடையைப் பாதி நாள்தான் திறந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். நான் கூப்பிட்டால் திரும்பி வாயைத் திறப்பாள். அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள், சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. எனக்குள் எதுவும் அசையவில்லை. மாலையில் கடையை மூடிவிட்டு மேலே ஏறும்போது வீட்டில் விளக்கு எரியும். ஆள் இருக்கும். அது போதும் என்று இருந்தது.

ஒரு தடவை மட்டும் கேட்டாள். வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு, மெதுவாகத்தான் கேட்டாள். "அந்த ஸ்டிக்கர் யாருப்பா ஒட்டினது?"

"கம்பெனிலேந்து வந்தது அப்படித்தான்மா வந்துது," என்றேன்.

தலையை ஆட்டினாள். அடுத்த வாய்க்குத் திறந்தாள். அவள் நம்பிவிட்டாள் என்றுதான் இருந்தேன்.

கட்டு மாற்ற வரும் நர்ஸ் வாலுவின் காதில் போனைப் பிடித்துக்கொள்ள, அவளே பேசித்தான் உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்தாள் என்று காலையில் சொன்னீர்கள். ஸ்டிக்கர்க்காரனும் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நல்லது. நர்ஸைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. என்னிடம் சொல்லியிருந்தால் போனை நானே பிடித்திருப்பேன்.

ஆகவே, ஆமாம். வாளியிலிருந்து எடுத்தது நான். ஒட்டியது நான். உப்பியது தெரிந்து மூடியை இறுக்கியது நான். மாற்றச் சொல்லி வந்து நின்றபோது மாற்றாமல் அனுப்பியதும் நான்தான். யாரும் தூண்டவில்லை, புத்தி கெட்டுப்போகவும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அவள் என்னைப் பார்க்க விரும்பவில்லை என்று சொன்னீர்கள். கோபம் இருக்கும், சின்னப் பிள்ளைதானே. தணிந்துவிடும். இப்போது அவள் சித்தி வீட்டில் இருக்கிறாள் என்பது நல்லதுதான். ஆனால் சித்திக்கு எதிலும் அவசரம், அடுப்பிலிருந்து இறக்கியதை அப்படியே பிசைந்து வாயில் வைத்துவிடுவாள். ஆற வைத்து ஊட்டச் சொல்லி ஆள் அனுப்புங்கள், சார். எங்கள் வாலுவுக்குச் சூடு கொஞ்சமும் தாங்காது.