இருபக்க விலை

பதினேழை இருபத்துமூன்றால் பெருக்குவது பெரிய வித்தை இல்லை. இருபதை இருபதால் பெருக்கி, ஒன்பதைக் கழித்தால் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. நீங்கள் என் பெயரை எழுதி முடிப்பதற்குள் இந்த மாதிரி நாலு கணக்கு போட்டிருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. மூன்று வருடமாக இதைத் தவிர வேறு வேலை பார்க்காதவன், அவ்வளவுதான்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். இடையில் அவசரப்படுத்தாமல் இருந்தால் நல்லது. இது அவசரத்தில் செய்த காரியம் இல்லை.

சில டிரேடிங் கம்பெனிகள் இருக்கின்றன. அவர்களுக்கு வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது. சொந்தப் பணத்தைப் போட்டுச் சந்தையில் வாங்குவார்கள், விற்பார்கள். லாபமும் நஷ்டமும் அவர்கள் பாடு. அங்கே வேலைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் எட்டு நிமிடத்தில் எண்பது மனக்கணக்கு. அதில் தப்பினால் பகடையையும் சீட்டுக்கட்டையும் வைத்து மண்டையைக் குடையும் கேள்விகள். அதிலும் தப்பினால் கடைசிச் சுற்று. எதிரே ஒருவர் உட்கார்ந்து, இந்தக் கட்டடத்தில் எத்தனை ஜன்னல் இருக்கும் என்று கேட்பார். தெரியாது என்று சொல்லக்கூடாது. நூற்றிருபதுக்கு வாங்குகிறேன், நூற்றறுபதுக்கு விற்கிறேன் என்று இரண்டு எண் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் இருபக்க விலை. ஜன்னல் நூற்றறுபதுக்கும் மேலே இருக்கும் என்று நினைத்தால் அவர் நம்மிடம் வாங்குவார். நூற்றிருபதுக்கும் குறைவு என்று நினைத்தால் விற்பார். அவர் வாங்கிய உடனே நம் விலையை ஏற்ற வேண்டும், ஏனென்றால் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்த ஒரு வரியை நான் நோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். நோட்டு உங்கள் மேஜை மேல்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டுத்தான் இதில் இறங்கினேன். இரண்டு தடவை கடைசிச் சுற்று வரை போய்த் தோற்றேன். அந்தக் கம்பெனியில் மூன்று தடவைக்கு மேல் விண்ணப்பிக்க முடியாது. இது மூன்றாவது. எனக்கு இருபத்தொன்பது வயது. இந்தத் தடவையும் போனால் நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று எனக்கே ஊர்ஜிதமாகிவிடும்.

வீட்டில் மூன்று பேர். அப்பா, நான், என்னைவிட ஐந்து வயது சின்னவளான தங்கை. அம்மா நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அப்பா முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸும் தூசியும் சிகரெட்டும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. ஒன்றரை வருடமாக ஜன்னல் பக்கம் கட்டிலில் இருந்தார். பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின், கடைசி மூன்று மாதமாக வாடகைக்கு எடுத்தது. இடுப்பு உயரம், ஓயாத உறுமல். அந்த உறுமலில் உட்கார்ந்துதான் நான் எண்பது கணக்கையும் போட வேண்டும்.

தங்கை ஒரு செருப்புக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்து எனக்குக் கேள்வி வாசிப்பாள், கடிகாரம் பார்ப்பாள். அவ்வளவுதான் அவள் வேலை. இரண்டு மாதம் போனதும், நான் பதில் சொல்வதற்கு முன்னால் அவள் உதடு அசைவதைக் கவனித்தேன். விளையாட்டாக ஒரு நாள் அவளுக்குக் கடிகாரம் பிடித்தேன். எண்பதில் எழுபத்தெட்டு. என்னுடையது அறுபத்தெட்டைத் தாண்டியதில்லை. "சும்மா வந்துச்சுண்ணா" என்றாள். நீயும் விண்ணப்பம் போடு என்று நான்தான் சொன்னேன். அப்பாவும் சொன்னார். அவள் கடை வேலையை விட்டதும் அதற்காகத்தான். பொறாமைப்பட்டாயா என்று கேட்டால், ஆமாம், வயிறெரிந்தது. மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டவனுக்கு, செருப்புக் கடையிலிருந்து எழுந்து வந்தவள் விடை சொல்லிக்கொடுத்தால் எப்படி இருக்கும்.

பயிற்சிக்காக எல்லாவற்றுக்கும் விலை சொல்வது என்று வைத்துக்கொண்டோம். அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து ஆளுக்கு ஐம்பது பித்தான் எடுத்துக்கொள்வோம், அதுதான் பந்தயம். பஸ் எத்தனை நிமிடத்தில் வரும், மேல் வீட்டுக்காரர் இன்றைக்கு எத்தனை தடவை கதவை அறைவார், எல்லாவற்றுக்கும் இரண்டு எண். ஒரு நாள் டாக்டர் வந்து அப்பாவைப் பார்த்துவிட்டு, "மூணு வாரமும் ஆகலாம், மூணு மாசமும் ஆகலாம்" என்றார். அவரும் இருபக்க விலைதான் சொன்னார், கொஞ்சம் அகலமாக. அவர் படியிறங்கியதும் நான் தங்கையிடம் மெதுவாக, "முப்பது – நாப்பது நாள்" என்றேன்.

அவள் முகம் வெளுத்துப்போனது. "என்னண்ணா பேசற நீ?"

கட்டிலிலிருந்து சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. அப்பா கேட்டுவிட்டார்.

"என்னை விட்டுட்டு ஆடறீங்களாடா? நான் வாங்கறேன். நாப்பதுக்கு."

அன்றிலிருந்து அவரும் சேர்ந்துகொண்டார். பேச மூச்சு போதாததால் கட்டைவிரலால் ஆடுவார். லிஃப்ட் குழிக்குள் வேலை செய்யும்போது சத்தம் போட்டால் மேலே இருப்பவனுக்குக் கேட்காதாம்; கட்டைவிரல்தான் பாஷை. மேலே தூக்கினால் வாங்குகிறேன், கீழே காட்டினால் விற்கிறேன். தினமும் காலையில் நான் விலை சொல்வேன், தங்கை காதைப் பொத்திக்கொள்வாள், அப்பா விரலை மேலே தூக்குவார். ஒரு நாள்கூட அவர் விற்றதில்லை. "லிஃப்ட் கீழ போனா மேல வரும்டா பெரியவனே. நான் ஒரே ட்ரிப்தான். அதை ஏன் சீக்கிரம் முடிக்கணும்?" என்று ஒரு தடவை சொன்னார்.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். எனக்கு வியாழக்கிழமை காலை பத்து மணி, அவளுக்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. இடம் ஒன்றே ஒன்று. தேதியை மாற்றித் தர மாட்டோம் என்று கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அவள் வெள்ளிக்கிழமை உள்ளே போனால் இடம் அவளுக்குத்தான். அதற்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

புதன்கிழமை மத்தியானம் அவளிடம், "உனக்கு வேலை கிடைக்கும். நூத்துக்கு அறுபது – எழுபது" என்று விலை சொன்னேன்.

"அறுபதுக்கு வித்துட்டேன்" என்றாள், நான் வாயை மூடுவதற்குள்.

"எத்தனை பித்தான்?"

"எல்லாம்."

ஐம்பதையும் அப்படியே என் பக்கம் தள்ளினாள். பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் செய்தேன். அவள் அப்பாவுக்குத் தலையணையைச் சரிசெய்யப் போய்விட்டாள். இரண்டு நாளாக அவள் நோட்டைத் தொடவில்லை என்பதும் என் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை எனக்கு நன்றாகப் போனது. கண்ணாடி அறை, எதிரே பென்சிலை உருட்டிக்கொண்டு ஒரு உயரமான அம்மா. இந்தக் கட்டடத்தின் அவசரப் படிக்கட்டில் எத்தனை படி என்று கேட்டார். முந்நூற்றெண்பது – நானூற்றிருபது என்றேன். வாங்கினார். திரும்ப விலை கேட்டார், அதையே சொன்னேன். வாங்கினார். மூன்றாம் தடவையும் அதையே சொன்னேன், அப்போதும் வாங்கினார். என்னை அசைத்துப் பார்க்கிறார், அசையக்கூடாது என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். தங்கை எனக்காகக் காத்திருந்தவள் மாதிரி பையை மாட்டிக்கொண்டு, "செருப்புக் கடை வரைக்கும் போயிட்டு, மருந்தும் வாங்கிட்டு வரேன்ணா. அப்பா இப்பதான் தூங்கறார்" என்றாள். மறுநாள் போட்டுக்கொண்டு போக ஷூ வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். அந்த ஷூதான் எனக்கு மனதைத் தெளிவாக்கியது.

அப்பாவுக்கு மிச்சம் இருந்தது, தாராளமாகப் பார்த்தாலும் நாற்பது நாள். அதிலும் பாதி இருமல். எனக்கு மிச்சம் நாற்பது வருடம். அப்பா போய்விட்டால் மறுநாள் காலையில் தங்கை எந்த அலுவலகத்துக்கும் போகமாட்டாள். அவளை எனக்குத் தெரியும். அவளுக்கு வயது இருக்கிறது, இன்னும் இரண்டு வாய்ப்பும் இருக்கிறது. யாருக்கு என்ன நஷ்டம் என்று தனித்தனியாக எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஒன்றும் உதைக்கவில்லை.

ஒன்றரை மணிக்கு மிஷினை அதன் பொத்தானிலேயே நிறுத்தினேன். சுவரில் பிளக்கைப் பிடுங்கினால் அலறும், அதனால். கரண்ட் போனால் உதவும் என்று மூலையில் ஒரு சிலிண்டர் இருந்தது. அது மூலையிலேயே இருந்தது. உறுமல் நின்றதும் வீடு எவ்வளவு பெரியது என்று தோன்றியது. அப்பா கண் விழித்தார். எங்களுக்குள் கொஞ்சம் பேச்சு நடந்தது, அதற்கு வருகிறேன். பிறகு நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மனம் அலையாமல் இருக்க ஒரு தாள் கணக்கு போட்டேன். எட்டு நிமிடம். எழுபத்தாறு வந்தது. என் வாழ்நாளில் அதுதான் அதிகம்.

மூன்றரைக்கு மிஷினைத் திரும்ப ஓட விட்டேன். தங்கை மருந்துப் பையோடு வந்தபோது அது வழக்கம்போல உறுமிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தானே அதை நிறுத்தினார். எதிர்பார்த்ததுதான் என்றார். தங்கை அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் புது ஷூ எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை தகனமெல்லாம் முடிந்து வந்த பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன், "இன்னைக்கு உன் இன்டர்வியூ போயிடுச்சு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம் பாப்பா."

"நான் செவ்வாய்க்கிழமையே வரலைன்னு எழுதிட்டேன்ணா" என்றாள். "உனக்கு இதுதானே கடைசி தடவை. ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா அப்பாவை யார் பாக்கறது? கடையில பழைய வேலையைத் திரும்பக் கேக்கத்தான் நேத்து போனேன்."

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து எனக்கு இரண்டு வரி வந்தது. கணக்கு நன்றாக வருகிறது. ஆனால் எதிரே இருப்பவர் திரும்பத் திரும்ப வாங்கியும் நீங்கள் விலையை மாற்றவில்லை. அந்தப் படிக்கட்டில் அறுநூற்றுப் பன்னிரண்டு படிகள். அந்த இடத்துக்கு யாரையுமே எடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

புதன்கிழமை வாடகை மிஷினைத் திரும்ப எடுத்துப்போக ஆள் வந்தார். மிஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் சின்ன மீட்டர் அதன் முதுகில் இருக்கிறது. நான் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. தங்கை தினமும் காலை எட்டு மணிக்குப் பார்த்துக் காலண்டரில் எழுதி வைப்பாள். நர்ஸ் சொல்லியிருந்தாராம். வியாழக்கிழமைக் கட்டத்தில் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினாலு என்று இருந்தது. வந்தவர் குனிந்து, "ரெண்டாயிரத்து இருநூத்தி இருபது" என்று வாசித்தார். எட்டிலிருந்து நாலு வரை எட்டு மணி நேரம். மீட்டர் ஆறுதான் ஓடியிருந்தது. தங்கை காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கழித்தலுக்கு அவள் அவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததே இல்லை.

"அண்ணா, வியாழக்கிழமை கரண்ட் போச்சா?"

"இல்லையே" என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். நேராக உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்து செய்தேன். ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் துறையில் முடிவையும் விளைவையும் போட்டுக் குழப்ப மாட்டார்கள். நல்ல முடிவும் சில சமயம் நஷ்டத்தில் முடியும். என் கையில் இருந்த தகவலுக்கு அது நல்ல முடிவுதான். தங்கை வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

அப்பா கஷ்டப்பட்டாரா என்று முதலிலேயே கேட்டீர்கள். அவர் களைத்துப்போயிருந்தார், அவருக்கும் போதும் என்றுதான் இருந்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் விழித்ததும் நான் மறைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, இன்னைக்கு விலை பூஜ்யம் – ஒண்ணு" என்றேன். மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டைவிரலை மேலே தூக்கினார். அதே விலையைத் திரும்பச் சொன்னேன். திரும்பத் தூக்கினார். மூன்றாம் தடவை இன்னொரு கையால் முட்டுக்கொடுத்துத் தூக்கினார். நான் விலையை மாற்றவில்லை. பாவம், அப்பாவுக்கு இந்த ஆட்டம் கடைசி வரை பிடிபடவே இல்லை.