சீட்டைத் தடவிப் பார்த்து வாங்கின கார்

ஹலோ... ஹலோ, சாமுவேல் சாரா?... நான்தான் சார், ஆம்பூர் ஜியாவுதீன். உங்க கார வாங்கினவன்... ஆமா, ஆமா, நான் நல்லாத்தான் இருக்கேன். காருதான் நல்லா இல்ல... இருங்க சார். நான் சொல்லி முடிச்சுட்றேன். ரெண்டு மாசம் முன்னாடி கார பாக்க உங்க வீட்டுக்கு வந்தப்போ என் சின்னப் பொண்ணு ஹீனா கூட வந்தா இல்ல?... அதான், ரெட்ட ஜட. திரும்பிப் போறப்போ அவ ஒண்ணு கேட்டா. 'அப்பா, காரு சீட்டாலயா ஓடும்?'னு...

சிரிக்காதீங்க சார். எனக்கு வயிறு எரியுது.

ஆமா... ஆமா, நான்தான் சீட்ட தடவித் தடவிப் பாத்தேன். யாரு இல்லன்னது? முப்பது வருஷமா தோல் ஷெட்டுல செலக்‌ஷன் பாக்குறவன் சார் நானு. உண்ணி கடிச்ச தடம், கத்தி பட்ட தடம், எல்லாம் கண்ண மூடிட்டு வெரலாலயே சொல்லுவேன். உங்க சீட்டுல ஒரு கொற இல்ல. அசல் மாட்டுத்தோலு. பதினாலு வருஷ வண்டியில இப்படி தோல வச்சிருக்கிற மனுஷன் இன்ஜின எப்படி வச்சிருப்பான்னு நெனச்சேன்... அதான் தப்பு. பானெட்ட தொறக்கவே இல்ல நானு.

இப்ப எங்கயா? விரிஞ்சிபுரம் ரோட்டுல, பிரேம்நாத்துன்னு ஒரு மெக்கானிக் ஷெட்டுல. வீட்டம்மா முனவ்வர முட்டி வலிக்கு வேலூர் கூட்டிட்டுப் போனேன். பஸ் படி ஏற முடியலன்னுதான இந்தக் காரே வாங்கினேன்? பாதி வழியில புசுபுசுன்னு வெள்ளப் புகை... ரேடியேட்டர் மட்டும் இல்ல சார்! ஆயில் மூடிய தொறந்தா உள்ள பால் டீ மாதிரி இருக்குது. இன்ஜின் உள்ள ஹெட் கேஸ்கெட் போச்சாம், தண்ணியும் ஆயிலும் ஒண்ணா கலந்துடுச்சாம்...

எவ்ளோவா? கேளுங்க. ஹெட்ட கழட்டி எறக்கி, கேஸ்கெட் மாத்த பதினெட்டாயிரம். ரேடியேட்டர் தனி, ஆறாயிரத்து ஐநூறு. கீழ புஷ்ஷெல்லாம் தேஞ்சு பள்ளத்துல எறங்கினா கடக்கு கடக்குன்னு சத்தம். கிளட்ச் ரம்ஜான் வரைக்கும் தாங்குமாம், அவரே துவா செய்யறேன்றார். ஏசியப் பத்தி பேசவே வேணாம்னுட்டார். கண்ணாடி எறங்கினா ஏறாது, ஏறினா எறங்காது. டோல்கேட்டுல கதவ தொறந்துதான் பேசறேன், பின்னால இருக்கிறவன் ஆரன் அடிக்கிறான்...

பழைய வண்டின்னா அப்படித்தானா? சார், தேய்மானம் வேற, மறைக்கிறது வேற. அந்த கேஸ்கெட் ஒரே நாள்ல போகாதாம், பிரேம்நாத் சொல்றார். அப்ப உங்களுக்குத் தெரியும்தான?... சொல்லுங்க... தெரியுமா, தெரியாதா?

...தெரியும். சரி. தெரியும்னு வாயால சொல்லிட்டீங்க.

(நீ சும்மா இரு முனவ்வர். நான் மரியாதையாத்தான் பேசறேன். நீ போய் டீ குடி, போ.)

கார வித்த அன்னிக்கு புரோக்கர் பக்கத்துல நின்னா இன்னா சார்? சொல்லாதீங்கன்னு உங்க கையப் புடிச்சு அமுக்கினா இன்னா? வாய அமுக்கலயே! இப்ப என் கையில ஏழாயிரம்தான் இருக்கு. பாதிப் பணம் குடுத்தாத்தான் கழட்டுவேன்றார் இவரு. நான் கேக்கறது ஒண்ணுதான், கார திருப்பி எடுத்துக்கங்க. இல்லன்னா இந்த ஞாயித்துக்கெழம உங்க சர்ச் வாசல்ல வந்து நிப்பேன், எல்லார் முன்னாலயும் கேப்பேன். இங்க ஷெட்டுலயே நாலு பேர் முன்னால உங்கள திருடன்னுட்டேன், தெரியுமா?... ஆமா, சொன்னேன்.

இன்னா?... எந்த புக்கு?... சர்வீஸ் புக்கா? இப்ப எதுக்கு சார் அது?... சாவி குடுக்கும்போது சொன்னீங்களா... 'புக்க நல்லா படிங்க பாய்'னு... ம். சொன்னீங்க. எவன் படிச்சான். இருங்க... டேஷ்போர்டு பாக்ஸ் கூட சீக்கிரம் தொறக்குதா பாரு... ம், எடுத்துட்டேன்... கடைசிப் பக்கமா? அட்ட உறைக்குள்ளயா?...

...

ஒரு கவர் இருக்குது சார்.

...

பணம்... ஐநூறு நோட்டா... கூட ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதியிருக்கீங்க. 'ஹெட் கேஸ்கெட் போகும் நெலமையில இருக்கு. சரி பண்ண பதினஞ்சாயிரம் ஆகும்னாங்க. வச்சிருக்கேன். நேர்ல சொல்ல தைரியம் இல்ல. மன்னிச்சிடுங்க.' தேதி... சாவி குடுத்த அன்னிக்கு.

யா அல்லா.

சார்... ரெண்டு மாசமா நான் போன் பண்ணலன்னதும், பணத்த எடுத்துக்கிட்டு மன்னிச்சிட்டேன்னு நெனச்சீங்களா?... ம்... ம்... போன்ல என் பேர பாத்ததும் நன்றி சொல்லப் போறேன்னு நெனச்சீங்களா! நான் இன்னா பேசினேன் உங்கள... இல்ல சார், நீங்க அழக் கூடாது. அன்னிக்கே சொல்லியிருக்கணும், அது தப்புதான், அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா யாரும் கேக்காம, யாரும் பாக்காம வச்சிருக்கீங்களே...

இல்ல, இங்கயும் யாரும் பாக்கல. வீட்டம்மா வெளிய டீ குடிக்கப் போயிட்டா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், உங்க வீட்டுல தெரிய வேணாம்னா தெரியாது... சர்ச்சுக்கா? வரமாட்டேன் சார், விடுங்க. ஆனா திருடன்னு நாலு பேர் கேக்கத்தான சொன்னேன், அத நாலு பேர் கேக்கத்தான் திருப்பி எடுக்கணும்... அது என் கணக்கு, நீங்க குறுக்க வராதீங்க... சார்?... ஹலோ?...

வச்சிட்டாரு.

பிரேம்நாத்! இங்க வாங்க. அந்தப் பசங்களையும் கூப்டுங்க... நான் கொஞ்ச நேரம் முன்னாடி ஒருத்தர திருடன்னேனே, அது தப்பு. அவர் நல்ல மனுஷன். எல்லாரும் கேட்டுக்கங்க... ஏனா? தப்புன்னா தப்பு, அவ்ளோதான்.

ஹெட்ட கழட்டுங்க... பணம் இருக்குது... திடீர்னு எங்கேர்ந்து வந்துச்சா? அது எதுக்கு உங்களுக்கு. கழட்டுங்க.