மடிப்புத்து

ரொம்பக் காலத்துக்கு முந்தி, நம்ம பொத்தங்காட்டுல தார் ரோடு இல்ல, கரண்டு இல்ல, அம்புட்டு ஏன், இப்போ நாம நிழலுக்கு உக்காந்திருக்க இந்த வேம்பே இல்ல. செம்மணல் தேரிமேடும் பனையும்தான். பனைக்கு ஊடால ஓலைக்குடிசை. அப்போ இங்க சந்தனக்கனின்னு ஒருத்தி இருந்தாளாம். உங்க எல்லாருக்கும் மூத்த பாட்டி அவதான். எத்தனை தலைமுறைக்கு முந்தின்னு எவனுக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசுதவனை நம்பாதீங்க.

அவ புருசன் மாடக்கண்ணு பனையேறி. பிள்ளைக இல்ல அப்போ. வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் முட்டைக்கோழி நிக்கும். அந்தக் கோழிகளுக்கு அவ பண்ணுத உபசாரம் இருக்கே, ஊரே கேலி பண்ணுமாம். மாடக்கண்ணுக்குக் கஞ்சி ஆறிப்போனாலும் போகும், கோழிக்குத் தீனி ஆறாதுன்னு சொல்லுவாவளாம். அவ என்ன செய்வா, பழைய மண்பானையில காஞ்ச சாணி, வைக்கோல், கிழிஞ்ச சாக்கு எல்லாம் அடைச்சு, தண்ணி தெளிச்சு, கரையான் இருக்க இடமாப் பாத்து சாயங்காலம் கவுத்து வச்சிருவா. விடிஞ்சு போய்ப் பாத்தா பானை பூராம் கரையான். அதைக் கொண்டுவந்து முத்தத்துல தட்டி, "பா பா பா"ன்னு கூப்பிட்டா, கோழிக விழுந்தடிச்சு ஓடியாரும். அதைத் தின்ன கோழி முட்டை போடுத அழகே தனியாம். நாள் போகப் போக அவ கூப்பிடவே வேண்டாம், பானையைக் கண்டாலே ஓடியாந்துரும். இந்தப் பழக்கத்தை நெனப்புல வச்சுக்கிடுங்க, பின்னால வேணும்.

இப்பிடி இருக்கையில ஒருநா மாடக்கண்ணு பனையில இருந்து விழுந்துட்டான். தொடை எலும்பு முறிஞ்சு போச்சு. எலும்பு கட்டுத வைத்தியர் வந்தாராம். முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்தமாவையும் குழைச்சுப் பத்துப் போட்டு, மூங்கில் பத்தை வச்சுக் கட்டினாராம். கட்டு மாத்தும்போதெல்லாம் முட்டை வேணும், புதுசா வேணும், தவறிச்சுன்னா எலும்பு கோணிக்கிட்டுக் கூடிரும், அப்புறம் இவன் பனையைக் கீழ நின்னு அண்ணாந்துதான் பாக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். பனையேறிக்குக் கால் போனா என்ன இருக்கு? ரெண்டு பேருக்கும் கஞ்சி அந்தக் கால்லதான் இருக்கு.

முட்டைதானே, அக்கம்பக்கம் வாங்கலாமேன்னு நெனப்பிய. அந்தக் கோடையில வெள்ளைக்கழிச்சல் வந்து ஊர்க்கோழி பூராம் செத்துப் போச்சாம். இவ வீடு ஒதுக்குப்புறம்கிறதால இவ கோழி மட்டும் தப்பிச்சுது. தப்பிச்சு என்ன செய்ய? மழை இல்ல, புழு இல்ல, பூச்சி இல்ல. கரையான் எல்லாம் மண்ணுக்குள்ள ஆழத்துக்குப் போயிருச்சு. பானையை எங்க கவுத்தாலும் வெறும் வைக்கோல்தான். கோழிக ஒண்ணொண்ணா முட்டையை நிப்பாட்டிருச்சு. இருந்த முட்டையும் தீந்து போச்சு. அடுத்த கட்டு மாத்த நாள் நெருங்குது.

ஊருல ஈரம் இருந்த இடம் ஒண்ணே ஒண்ணுதான். ஊருக்கு மேற்கே நாகம்மை புத்து. பொம்பளைக வெள்ளிக்கு வெள்ளி பாலும் தண்ணியும் ஊத்துதாவ இல்லையா, அதனால அதோட அடிமண்ணு எப்பவும் ஈரம். கரையான் அங்கதான் இருக்கும். ஆனா அந்தப் புத்துல ஒரு நுள்ளு மண்ணு எடுத்தாலும் ஊரை விட்டு வெளியேத்திருவாவ. அங்க ஒரு நல்லபாம்பு குடியிருக்குன்னும் எல்லாருக்கும் தெரியும். பாத்தவங்க உண்டு.

சந்தனக்கனி யோசிச்சா. யோசிக்க யோசிக்கப் பயமா வந்துச்சு. புருசன் காலைப் பாத்தா அதைவிடப் பயமா வந்துச்சு. ஒரு வியாழக்கிழமை பொழுது சாயுத நேரம், பானையை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டுப் போனா. அவசர அவசரமா, புத்து எது, பொந்து எதுன்னு பாக்காம, சரிவுல கவுத்து வச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துட்டா.

மறுநா கருக்கல்லயே போயிட்டா. பொம்பளைக வர்றதுக்கு முந்தி எடுத்துட்டு வந்துரணும்னு. முட்டை இருக்கான்னு திறந்து பாத்த கோழிக்கூட்டை அவசரத்துல சாத்த மறந்து போச்சு. புத்து மேல முதுகைச் சாச்சுக் குத்தவச்சு, பானையை ரெண்டு கையாலயும் அப்பிடியே கீழ தள்ளி, வெட்டாந்தரைக்குக் கொண்டுவந்தா. தூக்கப் போறா. பானைக்குள்ள இருந்து ஒரு சத்தம்.

உஸ்ஸுன்னு.

ஈரத்துக்கு வந்த பாம்பு பானைக்குள்ள சுருண்டு கெடக்கு. பொந்து மேல இருந்த பானையை இவ கீழ இழுத்துட்டதால அதுக்குத் திரும்பிப் போக வழியில்ல. ரெண்டு கையாலயும் பானையை அமுத்திக்கிட்டா. மண்பானைதானே, உள்ள அது சுத்திச் சுத்தி வர்றது உள்ளங்கைக்குத் தெரியுது. கத்தவும் முடியல. கத்தினா ஊரு வரும்.

அந்த நேரம் பாத்து, சாத்தாத கூட்டுல இருந்து அவளைத் தேடிக் கோழிக வந்துருச்சு. பானையைக் கண்டாச்சுல்லா, விடுமா? பானைக்கு அந்தப் பக்கம் நின்னு, விளிம்புல கசியுத கரையானைக் கொத்துது, கிளறுது, ஒண்ணை ஒண்ணு இடிக்குது. கொண்டைச்சின்னு ஒரு செவலைக்கோழி, அதுதான் கூட்டத்துக்குத் தலைவி, தாவிப் பானை மேலயே ஏறி நின்னுக்கிட்டு இவ மூஞ்சியைப் பாக்குதாம், ஏன் இன்னும் தட்டலைன்னு கேக்குத மாதிரி. வெரட்டக் கை வேணும். ரெண்டு கையும் பானையில இருக்கு. "போ, போ"ன்னு மூச்சுக்குள்ளயே கெஞ்சுதா. கெஞ்சினா கோழி கேக்குமா?

வெயில் ஏற ஆரம்பிச்சுது. பானை சுடுது. உள்ள சுத்தினது இன்னும் வேகமாச் சுத்துது. இப்பிடியே வச்சிருந்தா அது வெந்து செத்துப் போகும், நாகம்மையைக் கொன்ன பாவம் வந்து சேரும். கையை விட்டுட்டு ஓடினா கோழிக பானையை உருட்டிரும். பாம்பும் கோழிக பக்கம்தான் பாயும். கோழி போனா முட்டை போச்சு, முட்டை போனா கால் போச்சு. வேற எப்பிடித் திறக்கலாம்? பானையைச் சாச்சா வாய் ஒரு பக்கம்தான் பாக்கும். ஒண்ணு கோழிகளைப் பாத்து. இல்லைன்னா இவளைப் பாத்து. பாம்போட வீடு இவ முதுகுக்குப் பின்னால.

நெனச்சுப் பாருங்க.

அப்போதான் வெள்ளிக்கிழமைப் பால் செம்போட உலகம்மை வந்து சேந்தா. உலகம்மைதான் புத்தைக் கூட்டித் தெளிக்கிறவ, சந்தனக்கனிக்கு மயினி முறை. பானையைப் பாத்தா, புத்து பேந்து கெடக்குதைப் பாத்தா. வாயைத் திறந்தா ஏசுதுக்கு. அதுக்குள்ள இவ மெதுவா, "மயினி, உள்ள இருக்கு. கிட்ட வராத"ன்னு சொன்னாளாம். உலகம்மை நின்ன இடத்துலயே நின்னுட்டா.

"எனக்கு ஏதும் ஆச்சுன்னா அவருக்குக் கட்டு மாத்திவிடு. கோழிகளைப் பாத்துக்கோ."

இதைச் சொல்லிட்டு, கண்ணை மூடி, குத்தவச்ச காலை மெதுவா மடக்கிச் சம்மணம் போட்டு உக்காந்து, பானையைத் தன் பக்கமாச் சாச்சா.

வந்துச்சு. வைக்கோலை ஒதுக்கிக்கிட்டு, நெளிஞ்சு, அவ முட்டியில ஏறுச்சு. குளுகுளுன்னு இருந்துச்சாம். மடியில வந்து நின்னுச்சு. தலையைத் தூக்குச்சு. அவ மூச்சு விடல. உலகம்மை மூச்சு விடல. பாழாப்போன கோழிக மட்டும் அந்தப் பக்கம் கிளறிக்கிட்டே இருந்துச்சாம். அப்புறம் படத்தைச் சுருக்கி, அவ இடுப்புச் சேலையை உரசிக்கிட்டு, பின்னால ஏறிப் பொந்துக்குள்ள போயிருச்சு. அது போனப்புறமும் அவளுக்குக் கையை எடுக்கத் தெரியல. உலகம்மை வந்துதான் விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்தாளாம். பானை உருண்டுச்சு. கோழிகளுக்கு அன்னைக்கு விருந்து.

ஊரு கூடிச்சு. புத்தைத் தொட்டவளை வெளியேத்தணும்னு பெரியாளுக பேசினாவ. உலகம்மைதான் முன்னால வந்து, "கேக்க வேண்டியது அவ மடியில ஏறி நின்னு கேட்டுட்டுப் போயிருச்சு. இனி நாம என்ன கேக்க?"ன்னு சொன்னாளாம்.

அதுக்குப் பிறகு ஊரே சம்மதிச்சு, உலகம்மை கூட நிக்க, புத்தைத் தொடாம அதோட ஓரத்துல பானை கவுத்தாவளாம். கோழி முட்டை போட்டுச்சு. எலும்பு நேராக் கூடிச்சு. மாடக்கண்ணு மறுபடியும் பனையேறினான், பிள்ளைக பிறந்துச்சு, அதுல வந்தவங்கதான் நீங்க எல்லாரும். ஆனா சந்தனக்கனி சாகுற வரைக்கும் சம்மணம் போட்டு உக்காரலையாம். குத்தவச்சேதான் இருந்தாளாம்.

அன்னையில இருந்து அந்தப் புத்துக்கு மடிப்புத்துன்னு பேரு. பஸ்ல வர்றவங்க கூட அப்பிடிச் சொல்லித்தான் டிக்கெட் எடுக்காவ. நம்ம ஊருல கரையான் பானையைத் திறக்கவ தட்டிப் பாத்துட்டு, தன்னைப் பாத்துத்தான் திறப்பா, கோழியைப் பாத்துத் திறக்க மாட்டா. புதுசா வந்த மருமவ மறுநா காலையில முத்தத்துல கவுத்து வச்ச பானையை இப்பிடித்தான் திறக்கணும். உள்ள ஒரு முட்டைதான் இருக்கும். அது முட்டைன்னு அவளுக்குச் சொல்ல மாட்டோம், கதையை மட்டும் சொல்லுவோம். எனக்கும் அப்பிடித்தான் செஞ்சாவ. கண்ணை இறுக்க மூடிக்கிட்டுத்தான் என் பக்கமாச் சாச்சேன். என் மாமியா பாத்துச் சிரிச்சுட்டு, "நல்லது, பயப்படுதா. இவளுக்கு இழக்கதுக்கு ஏதோ இருக்கு"ன்னு சொல்லி வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனா.