போஸ்டரில் ஒரு கை

— இன்னொரு தடவ சொல்லுக்கா. பம்ப்செட் கொட்டாய் மேல இருக்குதே, அந்தக் கேமராவ யாருதுன்னு நெனச்சாங்க?

— முதலாளியுதுன்னுதான். உப்பளத்துல அத்தன பேரும் அப்படித்தான் நெனச்சாங்க. செவப்பு லைட்டு வேற எரிஞ்சிக்கினே இருக்குது.

— ஐயோ! அது எங்க மியூசியத்து கேமராக்கா! ஆளு அனுப்பி வைக்கச் சொன்னதே நான்தான். இங்க நடக்குறது அப்படியே சென்னையில செவுரு அளவு ஸ்க்ரீன்ல லைவா ஓடுது. மூணு மாசமா டிக்கெட் வாங்கிப் பாக்குறாங்க.

— தோ பாரு மேரி, மெதுவா பேசு. பாத்தியில ஆளு இருக்குது.

— எப்படிக்கா மெதுவா பேசறது? 'இவங்க உக்காரவே மாட்டாங்களா?'ன்னு விசிட்டர்ஸ் கேக்குறப்பல்லாம், 'எங்க ஊரு பொம்பளைங்க அப்படித்தான்'னு பெருமையா சொன்னேன். சத்தியமா எனக்கு ஒறைக்கவே இல்ல. நம்ம அம்மா பத்து மணியானா வரப்புல உக்காந்து கூழு குடிக்குமே!

— இப்ப நின்னுக்கினேதான் குடிக்கறாளுங்க. ஒதுங்கப் போவக்கூட பயம்.

— மூணு மாசமாவா?

— நீ ஏன் வந்து ஒரு வார்த்த சொல்லல? ஏதோ வீடியோ, கம்ப்யூட்டரு, அத வச்சி கலைன்னு பண்ற. பன்னண்டு வருசமா அதான் உன் வேலை. எங்களுக்கு சொன்னா புரியாதா?

— இந்தக் காட்சியப் பண்ற ஆர்ட்டிஸ்ட் வேணாம்னுட்டாருக்கா. 'தெரிஞ்சா நடிப்பாங்க, இயல்பா இருக்காது'ன்னாரு. நானும் தலையாட்டிட்டேன். முதலாளிகிட்ட மட்டும் கையெழுத்து வாங்கினேன்.

— நல்லா வாங்கின போ.

— உன் பக்கத்துலயே நின்னு உப்பு வாருவாளே, சின்னப்பாப்பா, அவ எங்க? வெள்ளிக்கெழமைக்கு அப்புறம் அவள ஸ்க்ரீன்லயே காணோம்.

— பாண்டி ஆஸ்பத்திரில கெடக்குறா. அஞ்சு மாசம். தங்கல.

— என்னது? மாசமா இருந்தாளா?

— ஒம்போது வருசம் கழிச்சி. மாதா கோயிலுக்கு நடந்தே போய்ட்டு வந்தா, பாவி.

— அக்கா... வெள்ளிக்கெழம நான் ஸ்க்ரீன் முன்னாடிதான் நின்னேன். ஒரு கையால அடிவயித்தப் புடிச்சிக்கிட்டு, வாருபலகைய ஊணிக்கிட்டு நின்னா. பக்கத்துலேருந்து யாரோ அவ முழங்கையத் தாங்கிப் புடிச்சாங்க. கை மட்டும்தான் தெரிஞ்சுது. எனக்கு கண்ணே கலங்கிடுச்சு. காட்சியோட கடைசி வாரத்துக்கு அதத்தான் போஸ்டரா அடிச்சோம். 'துணை'ன்னு தலைப்பு வச்சதும் நான்தான்.

— யேசப்பா.

— நான் மனுசியா? சரி, நான் சொல்லாதது தப்பு. ஆனா முதலாளிக்கு அது மியூசியத்துதுன்னு தெரியுமே! அவரு எதுக்கு தன்னுதுன்னு சொல்லணும்? வா, போய்க் கேப்போம்.

— அவரு ஒண்ணும் சொல்லல.

— அப்ப மேஸ்திரி தங்கராசா? அவன் சட்டையப் புடிச்சி...

— அவனும் இல்ல. உக்காரு மேரி.

— உக்காரு உக்காருன்னா? யாருதான் கெளப்பிவிட்டது?

— கேமரா மாட்ட வந்த ஆளு சட்டையில உன் மியூசியம் பேரு போட்டிருந்திச்சி. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். அதுக்கு மொத வாரம்தான் நீ போன்ல அழுத. 'உப்பளத்த வச்சி ஒரு காட்சி போடறேன், நல்லா வந்தாதான் வேலைய நெரந்தரம் ஆக்குவாங்க, இல்லன்னா வெளிய போவச் சொல்லிடுவாங்க'ன்னு. அழுதியா இல்லியா?

— அழுதேன்... அக்கா, உனக்குத் தெரியுமா? அப்பவே தெரியுமா?

— மெட்ராஸ்காரங்க பாக்குறப்ப இவளுங்க பாட்டுக்கு வரப்புல குந்திக்கினு வெத்தல போட்டா, உன் பொழப்பு என்னாவறது? அதான், 'முதலாளி பாக்குறாரு, எவளும் உக்காராதீங்கடி'ன்னேன்.

— நீயா?

— அவ மாசமா இருக்கறது எனக்கும் தெரியாது, மேரி. மெய்யாலுமே தெரியாது.

— அக்கா, அழாத. போஸ்டர்ல இருக்கற அந்தக் கை உன்னுதுதானே? நீயாவது கடைசில அவளத் தாங்கிப் புடிச்சியே...

— தாங்கலடி. அவ உக்காரப் போனா. நான்தான் தூக்கி நிறுத்தினேன்.